சாமியானாவுக்கு மாற்றுத்துணி வாங்கும் முன்...

(அமிர்தியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், சாமியானா வாடகைத் தொழில் செய்யும் குழுவின் ஊக்குநர் பேசியது. மற்ற குழுக்களுக்கும் பயன்படும் என்பதால் பேசியபடியே தருகிறோம்.)



"உங்க குழு சாமியானா நல்லா ஓடுதாமே, அதைப் பத்திப் பேசு" என்று தலைவி அக்கா சொன்னார்கள். நல்லா ஓடுவதைப் பற்றி மட்டும் பேசினால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நாங்கள் ஏமாந்த கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் ஏமாறாமல் இருந்தால் அதுவே எனக்குச் சந்தோஷம்.

எங்கள் குழுவில் 14 பேர். வங்கிக் கடனில் இரண்டு சாமியானா செட் வாங்கினோம். 18 அடிக்கு 18 அடி இரும்புக் குழாய், நடுவில் உச்சி தூக்கிய கூடாரம், மேல்துணி, பக்கத்துணி, நாற்காலிகள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதம் கூழ் ஊற்றுவது, சாவு வீடு என்று எல்லாவற்றுக்கும் கேட்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. துணியை மடித்து மூலையில் போட்டோம். பல மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எலி கடித்து, ஈரத்தில் கருப்புப் புள்ளி விழுந்து, தொட்டால் பிய்ந்து வந்தது. குழாய் மட்டும் கல்லு மாதிரி இருந்தது.

இங்கே முதல் பாடம். துணி போய்விட்டால் செட்டே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். குழாய் துருப்பிடிக்காமல், வளையாமல், பூட்டு சரியாக இருந்தால் துணியை மட்டும் மாற்றலாம். எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் "குழாயைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுக் கடனை அடைச்சிடலாம்" என்றார்கள். அன்றைக்கு அப்படிச் செய்திருந்தால் இன்றைக்குத் தொழிலே இருந்திருக்காது.

நாங்கள் ஏமாந்தது எப்படி

வாசலுக்கே ஒரு வியாபாரி வந்தார். சிவப்பு மஞ்சள் பட்டை போட்ட துணி, பார்க்கக் கண்ணைப் பறித்தது. "18க்கு 18 ரெடியா இருக்கும்மா" என்றார். விலை மலிவு. மூன்று பேர் சரி என்றோம், அப்பவே பணம் கொடுத்தோம். பில் கிடையாது, தீர்மான நோட்டில் எழுதவும் இல்லை.

கட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, துணி மூலைக்கு எட்டவில்லை. என்ன காரணம்? கூடாரம் தட்டையாக இல்லை, நடுவில் 4 அடி தூக்கி இருக்கிறது. உச்சியிலிருந்து மூலைக்குக் கயிறு பிடித்து அளந்தால் 13 அடி 4 அங்குலம் வருகிறது. தட்டையான 18க்கு 18 துணியில் நடுவிலிருந்து மூலைக்கு 12 அடி 9 அங்குலம்தான். ஏழு அங்குலம் குறை. நாங்கள் என்ன பண்ணினோம், நடுக்கம்பத்தை இறக்கிக் கட்டினோம். துணி எட்டிவிட்டது. எல்லாரும் கை தட்டினோம்.

ஐப்பசி மாதம் ஒரு காதுகுத்து. அந்த வீட்டு அக்கா பக்கத்து ஊர்க் குழுவில் உறுப்பினர். பந்தி நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நடுக்கம்பத்தை இறக்கியதால் சரிவு இல்லை, தண்ணீர் ஓடவில்லை. துணி தொட்டி மாதிரி தொங்கியது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தில் 10 சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. ஏழெட்டுக் குடம் தண்ணீரைத் தலைக்கு மேல் துணியில் தொங்கவிட்ட மாதிரி. தையல் படாரென்று விட்டது. அவ்வளவும் சோற்று அண்டா மேலேயும், பந்தியில் உட்கார்ந்திருந்த வயசான ஆயா ஒருத்தர் மேலேயும் கொட்டியது. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் அடி இல்லை. ஆனால் சோறு போச்சு, மானம் போச்சு. அந்த அக்கா வாடகை தரவில்லை. கேட்க எங்களுக்கு வாயும் வரவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் சண்டை. "யாரைக் கேட்டு வாங்கினீங்க?" என்று பதினோரு பேர் கேட்டார்கள். எங்கள் பொருளாளர் அக்கா கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். வாங்கின மூன்று பேரில் நானும் ஒருத்தி. தப்பு எங்கள் மேல் என்று ஒப்புக்கொண்டேன். இனிமேல் விசாரிக்காமல் ஒரு முழம் துணிகூட வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டோம். ஒரு மாதம் விசாரித்ததைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

எந்தத் துணி எதற்கு?

கித்தான்: பருத்தியில் கெட்டியாக நெய்து, மெழுகு பூசியது. உள்ளே புழுக்கம் குறைவு, காற்று மூச்சு விடும். நெருப்புப் பட்டால் எரியும். குறை என்னவென்றால் கனம். மழையில் நனைந்தால் இன்னும் கனம். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து மக்கிவிடும்.

பாலியஸ்டர் சாமியானா துணி: லேசு, பல வண்ணத்தில் கிடைக்கும், விலை குறைவு. வெயிலுக்கும் அலங்காரத்துக்கும் சரி. பூச்சு இல்லாவிட்டால் மழை ஒழுகும். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், சொட்டு தோலில் ஒட்டிக்கொள்ளும்.

தார்ப்பாய்: நாம் நெல்லு மூட, மாட்டுக் கொட்டகைக்குப் போடுகிற பிளாஸ்டிக் பாய். தண்ணீர் இறங்கவே இறங்காது, லேசு. ஆனால் கீழே சூடு தாங்காது, காற்றில் படபடவென்று அடிக்கும். வெயில் தாங்கும் மருந்து கலக்காத பாய் சீக்கிரம் பொடிந்து உதிரும். இதற்கு ஐ.எஸ். 7903 என்ற தர எண் இருக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

பி.வி.சி. பூசிய துணி: உள்ளே பாலியஸ்டர் நெசவு, வெளியே பிளாஸ்டிக் பூச்சு. லாரிக்கு மூடுவது போன்றது. மழை, இழுவை இரண்டையும் தாங்கும். தீ சீக்கிரம் பரவாத ரகமும் உண்டு. விலையும் கனமும் அதிகம், காற்று வழி விடாவிட்டால் புழுங்கும்.

நிழல் வலை: நாற்றங்காலுக்குப் போடுகிற பச்சை வலை. காற்று புகுந்து போகும், 50 சதவீதம், 75 சதவீதம் என்று நிழல் கணக்கில் கிடைக்கும். மழைக்கு ஆகாது.

நம்ம அமிர்தி உயிரியல் பூங்காவுக்கு 1967-லிருந்து ஜனங்கள் வந்து போகிறார்கள். லீவு நாளில் அங்கே சுண்டல், மாங்காய், டீ விற்கிற சகோதரிகள் இங்கே இருக்கிறீர்கள். பத்தடிக் கடைக்குப் பெரிய செலவு வேண்டாம். கோடையில் நிழல் வலை, மழை மாதத்தில் அதன் மேல் ஒரு நல்ல தார்ப்பாய், அது போதும். விசேஷ வீட்டுக்கு வாடகை விடுபவர்கள்தான் கித்தானா, பி.வி.சி.யா என்று யோசிக்க வேண்டும்.

தராசு பொய் சொல்லாது

கடைக்குப் போனால் "ஜி.எஸ்.எம்." என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். பயப்படாதீர்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. எண் கூடினால் துணி கெட்டி. ஆனால் கடைக்காரர் சொல்வது நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடை போட்டுப் பாருங்கள்.

12 அடிக்கு 18 அடி தார்ப்பாய் ஏறக்குறைய 20 சதுர மீட்டர். 200 ஜி.எஸ்.எம். என்றால் 4 கிலோ இருக்க வேண்டும். 3 கிலோதான் இருக்கிறது என்றால் அது 150. நாங்கள் ஒரு கடையில் தராசு கேட்டோம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த நிமிஷமே வேறு கட்டை எடுத்துப் போட்டார்!

இன்னும் மூன்று சோதனை. ஒன்று, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசி ஓட்டை தெரிகிறதா பாருங்கள். இரண்டு, ஒரு துண்டு வாங்கி வந்து அண்டா வாய் மேல் தொங்கவிட்டுக் கட்டி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். அடியில் முத்து முத்தாகக் கோத்தால் வேண்டாம். மூன்று, துண்டை மாடியில் போட்டு, பாதிக்கு மேல் பலகை வைத்து மூடி, மூன்று வாரம் வெயிலில் விடுங்கள். இரண்டு பாதிக்கும் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். நம்ம வேலூர் மாவட்டத்து அக்னி நட்சத்திர வெயிலுக்குத் தப்பினால் எந்த வெயிலுக்கும் தப்பும்.

அளவு எடுக்கும் முறை

பழைய துணியை விரித்து அளக்காதீர்கள், அது இழுபட்டிருக்கும், அல்லது சுருங்கியிருக்கும். குழாயை நிறுத்தி, குழாய் மேலே கயிறு பிடித்து அளக்க வேண்டும். உச்சியிலிருந்து மூலைக்கு ஒரு அளவு. உச்சியிலிருந்து ஓரக்குழாயின் நடுவுக்கு ஒரு அளவு. எங்களுக்கு அது 9 அடி 10 அங்குலம் வந்தது. நாலு முக்கோணமும் சேர்ந்து சுமார் 355 சதுர அடி. சுற்றிலும் ஒரு அடி ஜாலர் 72 சதுர அடி. மொத்தம் 427, அதாவது 40 சதுர மீட்டர். தையல் மடிப்புக்குத் தனியாகக் கொஞ்சம் விட வேண்டும்.

அந்த 40-ஐ வைத்து எடையும் போட்டுவிடலாம். 450 ஜி.எஸ்.எம். துணி என்றால் 18 கிலோ. கம்பத்து மேல் தூக்கிப் போடுவது நாம்தானே? அதனால் நாங்கள் இரண்டு பாதியாகத் தைக்கச் சொன்னோம். ஒரு பாதி 9 கிலோ. நடுவில் ஒரு பாதி மேல் இன்னொரு பாதி ஒரு அடி ஏறி உட்கார்ந்து கட்டிக்கொள்ளும்.

ஷூ கம்பெனி அக்கா சொன்னது

எங்கள் குழுவில் ஒரு அக்கா கல்யாணத்துக்கு முன்னால் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் பல வருஷம் அப்பர் தைத்தவர். அத்தனை நாளும் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். துணி கிழிந்ததும் தையலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, பருத்தி நூல்ல தச்சிக்கீறான். வெயில்லயும் தண்ணியிலயும் நூல் மொதல்ல சாவும், துணி அப்புறந்தான்" என்றார்.

அவர் சொன்ன மற்றதையும் எழுதிக்கொள்ளுங்கள். தையலுக்குக் கெட்டியான பாலியஸ்டர் நூல் வேண்டும். தோல் தைக்கிற ஊசிக்கு முனை கத்தி மாதிரி, அது துணியில் இழையை அறுத்துவிடும், துணி ஊசிதான் போட வேண்டும். இரண்டு துண்டு சேருமிடத்தில் ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல். மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஏறி இருக்க வேண்டும், வீட்டுக்கு ஓடு வேய்கிற மாதிரி. அப்போதுதான் தண்ணீர் தையலுக்குள் போகாமல் வழிந்து ஓடும். ஐலெட் பித்தளையில் இருக்கட்டும், இரும்பு துருப்பிடித்துத் துணியைத் தின்றுவிடும்.

மூலையில் குழாய் உரசும் இடத்துக்குத் தோல் துண்டு வைக்கலாமே, நம்ம பக்கம் தோலுக்கா பஞ்சம் என்று நான் கேட்டேன். "வேணாம், நனைஞ்சு காஞ்சா தோல் விறைச்சுப்போய்த் துணியை அறுக்கும். பழைய கித்தானை ரெண்டா மடிச்சு வையி" என்றார். இப்போது எங்கள் குழுவில் துணி விஷயம் எதுவானாலும் முதலில் அந்த அக்காவைத்தான் கேட்கிறோம். உங்கள் குழுவிலும் இப்படி வாய் திறக்காத கெட்டிக்காரி ஒருத்தர் இருப்பார், தேடுங்கள்.

தீ விஷயத்தில் சிக்கனம் கூடாது

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 1995 டிசம்பர் 23-ல் ஹரியானா மாநிலம் டப்வாலியில் பள்ளி விழா. சாமியானாவுக்குள் ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். மின்கோளாறில் தீப்பிடித்து, செயற்கைத் துணி எரிந்து மேலே விழுந்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். நம்ம தமிழ்நாட்டில் 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேக யாகசாலைப் பந்தலில் தீ. 2004 ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டப மாடியில் போட்ட ஓலைப் பந்தல் பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஒவ்வொரு பந்தலும் யாரோ ஒருவர் கட்டியதுதான். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பந்தல்களுக்கென்றே இந்திய தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 8758 என்ற விதிமுறை வைத்திருக்கிறது. பந்தலுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். மின்கம்பிக்கு அடியில் பந்தல் போடவே கூடாது. அடுப்பு பந்தலுக்கு வெளியே தள்ளி இருக்க வேண்டும். சூடாகும் பல்பு துணியைத் தொடக்கூடாது. சீரியல் பல்பு வயரில் ஒட்டுப் போட்டிருந்தால் கட்ட விடாதீர்கள். பக்கத்துணி கட்டினாலும் இரண்டு பக்கமாவது வழி திறந்திருக்கட்டும்.

மெழுகு பூசாத பருத்தித் துணி வைத்திருப்பவர்கள் தீத்தடுப்புக் கரைசலில் நனைத்துக் காயவைக்கலாம். எடை அளவில் அம்மோனியம் சல்பேட் 4 பங்கு, அம்மோனியம் கார்பனேட் 2, வெங்காரம் 1, போரிக் அமிலம் 1, படிகாரம் 2, தண்ணீர் 35 பங்கு. கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். மழையில் நனைந்தாலோ துவைத்தாலோ இது போய்விடும், திரும்ப நனைக்க வேண்டும். பி.வி.சி. துணி வாங்கினால் "தீ பரவாத ரகம்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, வெட்டவெளியில், பக்கத்தில் மணல் வாளி வைத்துக்கொண்டு பற்றவைத்துப் பாருங்கள். நெருப்பை எடுத்ததும் தானே அணைந்தால் நல்ல ரகம். உருகிச் சொட்டிக்கொண்டே எரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நிறம், காற்று

நீலத் துணிக்குக் கீழே சாப்பாடு நீலமாகத் தெரியும், பச்சைக்குக் கீழே பொண்ணு முகம் பச்சையாகத் தெரியும். வெள்ளை, சந்தன நிறம்தான் எல்லாவற்றுக்கும் பொருந்தும், சூடும் குறைவு. உச்சியில் ஒரு திறப்பு விட்டு, அதன் மேல் சின்னக் குடை மாதிரி இன்னொரு துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சூட்டுக்காற்று மேலே போய்விடும், கோடை மழைக் காற்று அடித்தாலும் துணியைத் தூக்காமல் வழி கிடைக்கும். பெருங்காற்று வருகிற மாதிரி தெரிந்தால் கௌரவம் பார்க்காமல் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, பக்கத்துணியை முதலில் அவிழ்த்துவிடுங்கள், அது பாய்மரம் மாதிரி செட்டையே இழுத்துப் போட்டுவிடும். கயிறும் கவனம். பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும், நைலான் நனைந்தால் தளரும். மழை நேரத்தில் ஒருத்தர் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விலை பார்ப்பதும் கணக்கு பார்ப்பதும்

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 6,000 ரூபாய்த் துணி 40 விசேஷம் தாங்கினால் ஒரு விசேஷத்துக்கு 150 ரூபாய். 14,000 ரூபாய்த் துணி 140 விசேஷம் தாங்கினால் 100 ரூபாய்தான். எது மலிவு? ஆனால் 14,000-க்காகக் கடன் வாங்கினால் வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு நாலு விசேஷம்தான் வரும் என்றால் கெட்டித் துணி வாங்கவே வேண்டாம்.

நாங்கள் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, கூட்டத்தில் படித்து, தீர்மானம் எழுதி, இரண்டு பேர் போய் ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கி வந்தோம். இரண்டு செட்டுக்கும் ஒரே நேரத்தில் வாங்கவில்லை. ஒரு செட்டுக்கு மட்டும் பி.வி.சி. துணி வாங்கி ஒரு மழைக்காலம் பார்த்தோம். அந்த வாடகையைச் சேர்த்து வைத்து அடுத்த செட்டுக்குக் கித்தான் வாங்கினோம். கோடைக்குக் கித்தான், மழைக்கு பி.வி.சி. பி.வி.சி. கனம்தான், மதியத்தில் கொஞ்சம் புழுக்கம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒழுகவில்லை.

வாங்கின பிறகு காப்பாற்றுவது நம் கையில். நன்றாகக் காயாமல் மடிக்காதீர்கள். மழையில் அவிழ்க்க நேர்ந்தால் மறுநாளே விரித்துக் காயவையுங்கள். தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மாதம் ஒரு தடவை பிரித்து வேறு மடிப்பில் மடியுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் துவைக்காதீர்கள். தொழில் இல்லாத மாதத்தில்தான் துணி கெடுகிறது, எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

கடைசியாக ஒன்று. சிலர் "சாவு வீட்டுக்குப் போட்ட துணியா? எங்களுக்கு வேண்டாம்" என்கிறார்கள். எங்கள் குழுவிலும் விவாதம் வந்தது. சாவு வீட்டுக்கு இல்லை என்று சொல்வதில்லை, அங்கே முதல் நாள் வாடகையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். துணியைத் துவைத்துக் காயவைத்துத்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் நிழல் கொடுக்கத்தான் குழு.

புதுத் துணி வந்ததும் முதலில் யார் வீட்டில் கட்டினோம் தெரியுமா? அந்தக் காதுகுத்து வீட்டு அக்கா வீட்டில். அவர்கள் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. நாங்களே போய்க் கேட்டு, வாடகை இல்லாமல் கட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மேலே துணியைக் கையால் தட்டிப் பார்த்தார். அன்றைக்கும் சாயந்திரம் மழை வந்தது. நாங்கள் 14 பேரும் சாப்பிடாமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. "போதும், வந்து உட்காருங்க, சோறு ஆறுது" என்று அந்த அக்காவே எங்களைப் பந்தியில் உட்காரவைத்தார். இப்போது அவர்கள் ஊரிலிருந்துதான் எங்களுக்கு அதிகமாக ஆர்டர் வருகிறது.

துணி வாங்கப் போகிற குழுக்கள் எங்களிடம் வந்து கேளுங்கள். தராசு, கயிறு எடுத்துக்கொண்டு ஷூ கம்பெனி அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.